மலையகத் தோட்டங்களுக்கு வரும் மிஷன் தொண்டர்களைப் பார்த்துக்கொள்வது எப்படி? பொறுப்பாளருக்கான முழு வழிகாட்டி

மிஷன் வேலைக்கென்று வெளியிலிருந்து இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு வரும் தொண்டர்களுக்கான அறிவுரைகள் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. அவர்களை இங்கே பொறுப்பெடுக்கும் ஆளுக்கு, அதாவது ஹட்டனிலோ பண்டாரவளையிலோ சபை வேலையோடு வேலையாக "இந்தப் பிள்ளைகளையும் கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று தலையில் கட்டப்பட்ட உங்களுக்கு, யாரும் எதையும் எழுதித் தருவதில்லை. அதனால்தான் இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்த பிள்ளை ஊருக்குப் பழகுகிறதா என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். ஊரும் அந்தப் பிள்ளைக்குப் பழக வேண்டியிருக்கிறது, அதற்கான செலவை லயத்துச் சனம், அதாவது வரிசை வீடுகளில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர்கள், வாய் திறக்காமல் கட்டிக்கொண்டிருக்கிறது. பொறுப்பாளர் இரண்டு பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்று வந்தால் லயத்தின் பக்கம் நிற்க வேண்டும்.

1. ஆள் வருவதற்கு முன்

முதலில் விசா. சுற்றுலா விசாவில் வந்து தொண்டு வேலை செய்ய முடியாது. "ஒரு மாசந்தானே, யார் கேக்கப்போறாங்க" என்று சொல்லும் சபைகள் உண்டு. கேட்கிற நாளில் மாட்டுவது நீங்களும் அந்தத் தோட்டமும்தான். எந்த வகை விசா வேண்டும் என்பதை குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தோட்டம். பாதை திறந்துதான் கிடக்கும், ஆனால் நிலம் கம்பெனிக்குரியது, துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், அனுமதி இல்லாமல் வெளியாள் தங்க முடியாது. அனுமதிக் கடிதம் கையில் வந்த கையோடு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். தோட்டத் தலைவர், கோயில் கமிட்டி, கிராம சேவகர், பிள்ளை மடுவத்தில் (குழந்தைகள் காப்பகத்தில்) இருக்கும் அக்கா ஆகியோரிடம் நேரில் போய், யார் வருகிறார், எத்தனை மாதம், என்ன வேலை என்று சொல்லுங்கள். தொலைபேசியில் சொன்னால் தகவல்தான் போய்ச் சேரும், வீட்டுக்குப் போய் ஒரு பிளேன்டீ குடித்துச் சொன்னால்தான் அவர்களும் அதில் பங்காளி ஆவார்கள்.

வருகிறவருக்கு ஒரு கடிதம் போதும். இலங்கை என்றால் கடற்கரை என்று நினைத்து அரைக்கால் சட்டையோடு வந்து இறங்குகிறார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, தை மாசியில் புல்லில் உறைபனி படியும், மழைக்காலத்தில் துணி நாட்கணக்கில் காயாது என்று எழுதுங்கள். ஸ்வெட்டர், மழைக்கோட்டு, ஈரம் தாங்கும் செருப்பு. இளம் பெண்ணாக இருந்தால் குளிக்கக் கட்ட ஒரு நல்ல துண்டுச் சீத்தையும் வேண்டும், பல இடங்களில் குளிப்பது வெளியே தண்ணீர் விழும் பீலியில்தான், குறுக்குக்கட்டுக் கட்டிக் குளிக்கத் தெரியாவிட்டால் முதல் நாளே அழுகை வரும்.

2. எங்கே தங்க வைப்பது

இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. வசதியைப் பார்த்து பங்களாவில் தங்க வைக்காதீர்கள். 1850களில் தொடங்கிய தமிழ் கூலி மிஷன் தோட்டத் துரைமாரின் ஆதரவோடுதான் இந்த மலைகளில் வேரூன்றியது. பாடசாலையும் வேதமும் வந்தன, கூடவே "மிஷன்காரங்க துரையோட ஆளுங்க" என்ற பேரும் வந்தது. அந்தப் பேர் இன்னும் முழுசாகக் கழுவுப்படவில்லை. துரையின் விருந்தினராக இரவில் படுத்துவிட்டு, காலையில் லயத்துக்கு வந்து "உங்க கஷ்டத்தச் சொல்லுங்க" என்று கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

அதற்காக லயக் காம்பராவில் (அறையில்) திணிப்பதும் சரியில்லை. ஒரு காம்பரா, ஒரு இஸ்தோப்பு (முன் திண்ணை), அதிலேயே ஐந்தாறு பேர். அதற்குள் வெளியாள் ஒருவருக்கு இடம் கொடுக்கிறார்கள் என்றால் அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். முடிந்தவரை தனி வீடு கட்டிக்கொண்ட குடும்பம், அல்லது தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆசிரியர் வீடு, அல்லது சபை அறையில் தங்கி ஒரு வேளைச் சாப்பாடு மட்டும் லயத்து வீட்டில். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த ஏற்பாடு.

சாப்பாட்டுக் காசு விஷயத்தில் கூச்சம் பார்க்காதீர்கள். தொண்டர் வந்து ஒரு மாதம் ஆனதும், அந்த வீட்டுக்காரரின் சம்மதத்தோடு, தோட்டத்துக் கடையில் அவர்கள் பக்கத்துக் கடன் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். மா, சீனி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று எழுதிக்கொண்டு வந்த பக்கத்தில், வெள்ளைக்காரப் பிள்ளை வந்த வாரத்திலிருந்து டின்மீன், முட்டை, கிறீம் கிறக்கர், நெஸ்கபே, திரும்பவும் டின்மீன் என்று வரிசையாக ஏறியிருக்கும். பிள்ளைக்கு இது தெரியாது. "அவங்க ரொம்ப நல்லாச் சாப்பிடுறாங்க" என்று ஊருக்கு எழுதியும் விட்டிருக்கும். எனவே மாதக் காசை முன்கூட்டியே, நீங்களே, வீட்டு அம்மாவின் கையில் கொடுங்கள். "விருந்தாளிக்கிட்ட காசு வாங்குறதா" என்பார்கள். "இது பிள்ளை குடுக்கிறதில்ல, மிஷன் கணக்கு" என்று சொன்னால் வாங்கிக்கொள்வார்கள். கூடவே, வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே பிள்ளைக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டு யாரும் செத்ததில்லை.

3. முதல் பத்து நாள்

வேலை கொடுக்காதீர்கள். ஊரிலிருந்து பறந்து வந்தவர் அடுத்த நாளே ஆங்கில வகுப்பு எடுக்க நிற்பார், விடாதீர்கள். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, ஆள் கூடுவதையும், கொழுந்து நிறுக்கும் இடத்தையும், பிள்ளை மடுவத்தையும் தூர நின்று பார்க்கட்டும். தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது, யார் முதலில் பிடிக்கிறார், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்ளட்டும். ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்கு நீங்களோ தோட்டத்து ஆளோ கூட்டிப்போக வேண்டும். ஒரே லயத்துக்கே திரும்பத் திரும்பப் போகாமல் எல்லா லயத்துக்கும் போவது முக்கியம், யார் வீட்டில் தேத்தண்ணி குடித்தார், யார் வீட்டில் குடிக்கவில்லை என்பதைச் சாதியும் கட்சியும் ஏற்கெனவே எண்ணத் தொடங்கியிருக்கும்.

கூப்பிடும் முறையையும் இந்த நாட்களிலேயே பழக்குங்கள். வயதில் மூத்தவரை அண்ணன், அக்கா, ஐயா, அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும், பேர் சொல்லக் கூடாது. தொண்டரை ஊர் முழுக்க "மிஸ்", "சேர்" என்றுதான் கூப்பிடும். இருபது வயதுப் பிள்ளை அதைக் கேட்டு முதலில் கூச்சப்படும், ரெண்டு வாரத்தில் அதையே உண்மை என்று நம்பத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் கொஞ்சம் கீழே இறக்கிவிடுங்கள், பீலிக்குப் போய்க் குடம் தூக்கச் சொன்னாலே போதும்.

புத்தர் சிலை விஷயம் நேரடியாகச் சொல்லப்பட வேண்டிய ஒன்று. சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது. 2012இல் சிலையை முத்தமிட்டுப் படம் எடுத்த பிரெஞ்சுக்காரர் மூவருக்கு நீதிமன்றம் ஒத்திவைத்த சிறைத் தண்டனை கொடுத்தது, 2014இல் கையில் புத்தர் பச்சை குத்திய பிரித்தானியப் பெண்ணை நாட்டை விட்டே அனுப்பினார்கள். இந்த இரண்டையும் சொன்னால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

4. சோர்வு வரும் காலம்

கனடாவில் பிறந்த மானுடவியலாளர் கலெர்வோ ஓபர்க் 1954இல் ரியோ டி ஜெனீரோவில் பண்பாட்டு அதிர்ச்சி பற்றிப் பேசியபோது அறிகுறிகளைப் பட்டியல் போட்டார். ஓயாமல் கை கழுவுவது, தண்ணீரையும் பாத்திரத்தையும் பற்றி அளவு மீறிய கவலை, சின்னத் தாமதத்துக்கே சீறி விழுவது, எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்ற பயம், உள்ளூர் மொழியைப் படிக்காமல் தள்ளிப்போடுவது, கடைசியில் தாங்க முடியாத வீட்டு நினைப்பு. எழுபது வருடம் கழித்துத் தலவாக்கலையிலும் அதே பட்டியல்தான். இங்கே கூடச் சேர்வது சில: ஒவ்வொரு சனிக்கிழமையும் டவுனுக்கு ஓடுவது, சிக்னல் கிடைக்கிற பாறை மேலேயே குடியிருப்பது, கோயில் ஒலிபெருக்கியைப் பற்றி மட்டுமே பேசுவது, பேச்சில் "இவங்க எல்லாருமே" என்ற தொடக்கம்.

தேனிலவு, நெருக்கடி, தேறுதல், பொருந்துதல் என்று ஓபர்க் சொன்ன நாலு கட்டத்தையும் நாட்காட்டி போல வைத்துக்கொள்ளாதீர்கள். பலருக்கு முதல் நாளே குளிரும் கழிப்பறையும் அடித்துவிடும், தேனிலவெல்லாம் கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்வெரே லிஸ்கார்ட் 1955இல் அமெரிக்காவுக்குப் போய்வந்த நோர்வேக்காரர்களை ஆராய்ந்து எழுதியதில், ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள், நடுவில் இருந்தவர்கள்தான் தடுமாறினார்கள். நம்மிடம் வருகிறவர்களில் பலர் ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ வருகிறார்கள். அப்படியென்றால் சிலர் பள்ளத்தின் அடியில் நிற்கும்போதே விமானம் ஏறுவார்கள். அதைத் தோல்வி என்று அறிக்கை எழுத வேண்டியதில்லை.

என்ன செய்வது? பேச்சைக் குறைத்து உடம்பைப் பாருங்கள். தூக்கம், சூடான தண்ணீர், காய்ந்த துணி, வாரம் ஒரு முறை அவர் ஊர்ச் சாப்பாடு ஏதாவது. இந்த நாலும் சரியானாலே பாதிச் சோர்வு போய்விடும். சம்பள நாள் இரவைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அன்றைக்கு லயத்தில் குடியும் சத்தமும் கூடும், புதியவர் பயந்து போய் "இங்க எல்லா ஆம்பளைகளும் இப்படித்தான்" என்று முடிவு கட்டிவிடுவார். அன்று மாலை சபை அறையிலேயே இருக்கட்டும்.

5. வாரம் ஒரு பேச்சு

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். அதனால் கேள்வியை மாற்றுங்கள். இந்த வாரம் யார் யார் வீட்டில் தேத்தண்ணி குடித்தாய்? யார் மேல் கோபம் வந்தது? எந்த நேரத்தில் யாருமே இல்லாதது போல இருந்தது? முதல் கேள்விதான் என் அளவுகோல். புதுப் பேர் வந்துகொண்டே இருந்தால் பிள்ளை பழகுகிறது. தொடர்ந்து ஒரே வீட்டுப் பேர் என்றால், அங்கே காதலோ கடனோ ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கலாம். பேரே வரவில்லை என்றால் அடுத்த நாளே போய்ப் பாருங்கள்.

வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசுவதை விட்டுவிடாதீர்கள், தொண்டர் இல்லாத நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். அங்கேயும் பொதுவாகக் கேட்டால் ஒன்றும் வராது. ஒரு தடவை ஓர் அம்மா இப்படித்தான் ஆரம்பித்தார்: "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மிஸ், தங்கமான பிள்ள." தண்ணி போதுமா என்றேன். போதும் என்றார். கரண்ட்? கொஞ்சம் யோசித்துவிட்டு, "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட்ட அணைக்கிறதில்லீங்க, அது பரவாயில்ல, மூத்தவனுக்குத்தான் ஓஎல் சோதனை வருது, தூங்க மாட்டேங்கிறான்." ஒரு சின்ன மேசை விளக்கு வாங்கிக் கொடுத்ததோடு அது முடிந்தது. கேட்காமல் விட்டிருந்தால் அந்தப் பையனின் சோதனை முடியும் வரைக்கும் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

6. காசு, பரிசு, படம்

காசு யார் கேட்டாலும் தொண்டர் கையிலிருந்து போகக் கூடாது, உங்களிடம் அனுப்பட்டும். உங்களைக் கெட்டவராக்கினாலும் பரவாயில்லை, பொறுப்பாளர் என்றால் அதற்கும் சேர்த்துத்தான். ஒரு பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தால் அந்த லயத்தில் மற்றப் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு அன்றைக்கு இரவு சண்டை. கொடுக்கிறதென்றால் பாடசாலை வழியாக, எல்லோருக்கும்.

படம் எடுப்பதற்கு பெற்றோரின் சம்மதம் வேண்டும், அதுவும் படம் எங்கே போகப்போகிறது என்று சொன்ன பிறகு. கொழுந்துக் கூடையோடு சிரிக்கும் பெண்ணின் படம் உலகம் முழுக்கச் சுற்றுகிறது, அந்தப் பெண்ணுக்கு ஒரு பிரதி கூடக் கிடைப்பதில்லை. எடுத்தால் அச்சடித்துக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பதை விதியாகவே வைத்துவிடுங்கள், படத்தின் எண்ணிக்கை தானாகக் குறையும். பிள்ளைகளோடு தனியறையில் இருக்கக் கூடாது, யாருக்காவது ஏதாவது சந்தேகமாகப் பட்டால் 1929க்கு அழைக்கலாம், அது சிறுவர் பாதுகாப்புக்கான இலக்கம். இந்த இலக்கத்தைத் தொண்டருக்கு மட்டும் கொடுத்தால் போதாது, தோட்டத்துத் தாய்மாருக்கும் கொடுங்கள். தொண்டர் தவறினாலும் முறையிட அவர்களுக்கு ஒரு வழி இருக்க வேண்டும்.

7. கோயிலும் ஜெபமும்

இங்கேதான் அதிகம் வழுக்கும். தோட்டத்தில் பெரும்பான்மை இந்துக்கள், மாரியம்மன் திருவிழா என்றால் ஊரே ஒரு குடும்பம், மாசியில் காமன் கூத்து நடந்தால் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளும் இரவெல்லாம் விழித்திருந்து பார்ப்பார்கள். "நான் போகலாமா?" என்று தொண்டர் கேட்பார். போகலாம், செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நிற்கலாம். திருநீறு, பிரசாதம் விஷயத்தில் அவரவர் மனச்சாட்சிதான், ஆனால் அந்த முடிவை அறையில் இருந்தே எடுத்துக்கொண்டு போக வேண்டும். தட்டு முன்னால் வந்து நிற்கும்போது முகத்தைச் சுளித்துக் கையை ஆட்டுவதுதான் தப்பு. நெஞ்சில் கைவைத்து, சிரித்து, "வேணாங்கம்மா, கும்பிட்டுக்கிறேன்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். திருவிழாக் கூட்டத்தில் துண்டுப் பிரசுரம் கொடுக்கிறவரை அடுத்த பஸ்ஸில் ஏற்றுங்கள்.

எந்த மதத்தையும் ஏற்கும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எல்லோருக்கும் கொடுக்கிறது. அதே நாட்டில்தான் 2004இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றம் வரை வந்தது. அது நிறைவேறவில்லை, அது வந்ததற்குக் காரணமான சந்தேகம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ஆகவே அரிசிப் பையும் ஜெபமும் ஒரே நாளில், ஒரே கையால் போகக் கூடாது. நோயாளிக்கு ஜெபிக்க வேண்டும் என்றால் முதலில் கேட்க வேண்டும், வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லக்கூடிய மாதிரிக் கேட்க வேண்டும்.

8. தமிழ் தெரிந்த தொண்டர்

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ கனடாவிலிருந்தோ தமிழ்ப் பிள்ளை வருகிறது என்றால் பொறுப்பாளர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். நான் இன்னும் கவனமாகிவிடுவேன். ஜெர்மன்காரருக்குத் தனக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரியும், கேட்டுக் கேட்டு நடப்பார். தமிழ்ப் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். 1948இல் இந்தச் சனத்தின் குடியுரிமை பறிக்கப்பட்டதும், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்ததும், கடைசி ஆட்களுக்கு 2003 சட்டத்தோடுதான் குடியுரிமை வந்ததும் தெரியாமல் "நம்ம தமிழ் சனந்தானே" என்று பேசத் தொடங்குவார். அது உறவு கொண்டாடுவதாக இங்கே கேட்பதில்லை. போதாக்குறைக்கு, உச்சரிப்பைத் திருத்துவார்கள். இவர்களுக்கு முதல் பத்து நாளை முதல் மாதமாக நீட்டுங்கள், ஒரு வயசான கங்காணியோடு (தொழிலாளர் மேற்பார்வையாளரோடு) மாலை நேரங்களில் உட்கார வையுங்கள், பேசாமல் கேட்கட்டும்.

9. மழை, மண்சரிவு, குளவி

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. எனவே மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள், மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும், தொண்டரை மட்டும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகாமல் வீட்டுக்காரரையும் சேர்த்து. அவசரத்துக்கு 1990 இலவச அம்பியுலன்ஸ், 117 அனர்த்த முகாமைத்துவம், 119 பொலிஸ்.

குளவி கலைந்தால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு அந்த இடத்தை விட்டு ஓடுவதுதான் வழி. பூச்சிக்கடி ஒவ்வாமை உள்ள தொண்டரைக் கொழுந்து மலைக்கு அனுப்பவே வேண்டாம். அட்டைக்குக் காலில் சவர்க்காரமோ சித்தாலேப என்ற களிம்போ பூசினால் போதும். நாய் கடித்தால் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி. மழையில் சேற்றில் நடந்தவருக்குக் காய்ச்சல் என்றால் எலிக்காய்ச்சலையும் நினைத்து, பனடோலோடு நிறுத்தாமல் காட்டிவிடுங்கள்.

10. திருப்பி அனுப்ப வேண்டி வந்தால்

அழுகிறார், சாப்பாடு பிடிக்கவில்லை என்பதற்காக அனுப்பாதீர்கள். பல வாரமாகத் தூக்கமில்லை, ஆட்களைக் கண்டாலே ஒதுங்குகிறார், சாகலாம் போலிருக்கிறது என்கிறார் என்றால் அது பழகும் பிரச்சினை இல்லை, அன்றைக்கே வைத்தியரிடம். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். பிள்ளைகள் விஷயத்தில் எல்லை மீறியவர், வீட்டுக்காரரை அவமானப்படுத்தியவர், சொன்ன பிறகும் காசு கொடுத்து ஊரைப் பிரித்தவர், இவர்களை அனுப்பத் தயங்க வேண்டாம். அனுப்பும்போது தோட்டத்துக்குக் காரணத்தைச் சுருக்கமாக உண்மையாகச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் ஊரே ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொள்ளும், அதில் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்பிள்ளையின் பேர் இழுபடும்.

11. போகும் நேரமும் போன பிறகும்

கடைசி மாதத்தில் புது வேலை எதையும் தொடங்க விடாதீர்கள். "திரும்பி வருவேன்", "உன்ன வெளிநாட்டில படிக்க வைப்பேன்" என்ற இரண்டு வாக்கியங்களையும் தடை செய்யுங்கள், அதை நம்பி ஏஎல் படிப்பை விட்ட பிள்ளைகள் உண்டு. பிரியாவிடைக்கு மாலை, பொன்னாடை என்று தோட்டம் செலவழிக்கப் பார்க்கும், ஒரு தேத்தண்ணியோடு நிறுத்தச் சொல்லித் தலைவரிடம் நீங்களே பேசிவிடுங்கள். ஊருக்குப் போனவருக்கு அங்கே இரண்டாவது சோர்வு வரும், தன் ஊரே அந்நியமாகத் தெரியும் என்பதை 1960களிலேயே எழுதிவிட்டார்கள், அவரை அனுப்பிய சபைக்கு அதை ஒரு மின்னஞ்சலில் சொல்லிவையுங்கள், மூன்று மாதம் யாராவது அவரோடு தொடர்பில் இருக்கட்டும்.

அப்புறம் வீட்டுக்காரர். கரண்ட் பில், கடைக் கடன் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டு, அடுத்த தொண்டர் வேண்டுமா வேண்டாமா என்று கேளுங்கள், அன்றைக்கே பதில் வாங்காதீர்கள். ஒரு மாதம் கழித்துப் போங்கள். "வேணாம் மிஸ், பிள்ளைக்குக் கல்யாணம் வருது" என்றால் கல்யாணம் இருக்கிறதோ இல்லையோ, அந்த வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு வேறு வீடு பாருங்கள்.